மாசி வீதிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி: பழைய மச்சைக் காத்துப் புதிய அறைகள் கட்டிய விவரம்

மதுரையில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று மூன்று தலைமுறைக்கும் மேலாக நடந்துவருகிறது. அதன் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து, பின்புறம் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை அகற்றி, அந்த இடத்தில் புதிய வகுப்பறைகளைக் கட்டும் பணியைப் பொறியாளராக இருந்து நடத்தினேன். இதுபோன்ற பழைய கட்டடங்களில் நடக்கும் பள்ளிகள் மதுரையில் இன்னும் பல இருக்கின்றன. அவற்றின் நிர்வாகிகளிடம் "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்றே பெரும்பாலும் சொல்லப்படுவதால், இடிக்காமல் என்ன செய்ய முடிந்தது என்பதை விவரமாக எழுதிவைக்க விரும்பினேன்.

கட்டடத்தின் அமைப்பு எளியது. தெருவை ஒட்டி, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்களின்மேல் தேக்குக் கட்டைகள் பரப்பி மெட்ராஸ் டெரஸ் மச்சு (கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவை தட்டி இறுக்கிய கூரை) போட்ட மூன்று அறைகள், அவற்றின் பின்னால் மங்களூர் ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதையடுத்து முற்றம், முற்றத்தின் மூலையில் பலகை போட்டு மூடிய கிணறு, கடைசியில் இரண்டு வகுப்புகள் நடந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. நிர்வாகக் குழுவில் சிலர் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கி மாடி மாடியாகக் கான்கிரீட் கட்டடம் எழுப்ப எண்ணினர். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் அந்த எண்ணம் தொடக்கத்திலேயே சுருங்கியது. ஆனால் நான் இடிப்பதை எதிர்த்ததற்குக் காரணம் வேறு. ஏப்ரல் மாத நண்பகலில் பழைய அறையிலும் கொட்டகையிலும் மாறி மாறி நின்று பார்த்தால் போதும். கொட்டகையில் தலைக்கு மேலிருந்து அனல் இறங்கியது. பழைய அறையில் மின்விசிறி இல்லாமலே குழந்தைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரையும் மச்சையும் இடித்து நான்கரை அங்குலச் சுவரும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமும் வைப்பது, குழந்தைகளைக் கொட்டகைக்கே திரும்ப அனுப்புவதாகும்.

வேலை முழுவதும் பெரும்பாலும் கோடை விடுமுறைக்குள் அடங்க வேண்டும் என்பதால், வரிசையை முன்கூட்டியே தீர்மானித்தோம். தூசியும் ஆபத்தும் உள்ள பணிகள் முதலில், அதாவது பள்ளியில் ஒரு குழந்தைகூட இல்லாத மே மாதத்தில். ஓசை குறைந்த பணிகள் பிறகு. எனவே ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இறக்குவதில் தொடங்கினோம்.

இந்தத் தகடு அப்படியே கிடக்கும்வரை அதிகத் தீங்கில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். வழக்கமாக இறக்கும் ஆட்கள் சம்மட்டியால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுவார்கள். நாங்கள் தகடுகள் முழுவதையும் சிறிது சோப்புக் கரைத்த தண்ணீரால் நனைத்து, தகடுகளைப் பிடித்திருந்த, துருப்பிடித்த ஜே போல்ட்டுகளின் (கொக்கி போல வளைந்த ஆணிகளின்) நட்டைக் கழற்ற முடியாத இடத்தில் போல்ட்டைக் கத்தரித்து, ஒவ்வொரு தகடாக முழுசாகக் கயிற்றில் இறக்கினோம். துணி முகமூடி இதற்கு உதவாது என்பதால் நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. இறக்கிய தகடுகளைக் கனத்த பாலித்தீன் தாளில் சுற்றி ஒட்டினோம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணிகளையும் அதே கட்டில் சேர்த்தோம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் தகடுகளை விலைக்குக் கேட்டார். பணம் தேவைப்படும் நேரத்தில் அது நல்ல தொகைதான். ஆனால் அவை வேறொரு வீட்டின் சமையலறைக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ கூரையாகப் போய்ச் சேரும் என்பதைத் தலைமையாசிரியை குழுவில் எடுத்துச் சொன்னதும், செலவு செய்து அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப எல்லோரும் ஒப்புக்கொண்டனர். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரைத் தீயில் 94 குழந்தைகள் இறந்தபின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் நீக்கப்பட்டன. தீப்பிடிக்காது என்பதற்காக மட்டும் அந்த இடத்தில் தகரத்தையோ ஆஸ்பெஸ்டாஸையோ போட்டு நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நின்றதாகத்தான் பொருள்.

பழைய கட்டடத்தின் பெரிய நோய் ஈரம். உட்சுவர்களில் இடுப்பளவு உயரம்வரை உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது தெரு. சாலைமேல் சாலையாகப் போட்டுக்கொண்டே வந்ததில், ஒரு காலத்தில் படியேறிப் போக வேண்டியிருந்த பள்ளியின் தரை இப்போது தெருமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெரு உயர்ந்ததுதான். இரண்டாவது, முன்பு பழுதுபார்த்தவர்கள் ஈரத்தை மறைப்பதற்காகச் சுவரின் இரு பக்கமும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். கருங்கல் கடைக்கால் (அடித்தளம்) வழியாக ஏறும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அங்கங்கே காற்றில் உலர்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உலர இடம் தேடி இன்னும் மேலே ஏறுகிறது; போகும் இடமெல்லாம் உப்பைச் சேர்த்துச் செங்கல்லை மாவாக்குகிறது. மேஸ்திரி இதைத் தம் மொழியில் சொன்னார்: "சார், கோணிக்குள்ள போட்டுக் கட்டுன ஆளு மாதிரி, இந்தச் சுவரு வேர்க்க வழியில்லாம உள்ளயே புழுங்குது."

சிமெண்ட் பூச்சு முழுவதையும் உளியால் மெல்லக் கொத்தி எடுத்தோம். இயந்திரச் சுத்தியல் வைத்திருந்தால் விரைவாக முடிந்திருக்கும். ஆனால் அதன் அதிர்வில் சுண்ணாம்புக் கட்டு தளர்ந்துவிடும். மாவாகிப்போன செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, நாங்களே சேர்த்து வைத்த பழைய செங்கற்களைப் பதித்தோம். கொட்டகையின் பின்சுவரை இறக்கியதில் கிடைத்தவை அவை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லை இலேசாகத் தட்டினால் சாந்து உதிர்ந்து முழுக்கல் கைக்கு வரும். சிமெண்ட்டில் கட்டியது கல்லோடு சேர்ந்துதான் உடையும். நூறாண்டு கழித்து யாரோ மறுபடி எடுத்துப் பயன்படுத்த முடிகிற பொருளைத்தான் நான் நீடித்து நிற்கும் பொருள் என்பேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலை நிற்கிற ஊரில், சாந்தின் பதம் பார்க்கத் தெரிந்தவர்களைக் கோயில் திருப்பணி செய்யும் குழுக்களில்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்களில் இருவர் வந்து பள்ளியின் கொத்தனார்களுக்கும் கற்றுக்கொடுத்தனர். சுட்ட சுண்ணாம்புக் கல்லை முற்றத்தில் தோண்டிய குழியில் நீற்றினோம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் குழியருகே விடவில்லை. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்தோம். தட்டி ஊறவைத்த கடுக்காயும் கரைத்த வெல்லமும் கலந்த நீரை அரைக்கும்போது சேர்த்தார்கள். வெல்லம் சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையவைப்பதால் சாந்து இழுவையாக வரும்; பூச்சு இறுகியபின் வெடிப்பும் குறையும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், சுவரில் வீசினால் வழியாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பார்க்கும் பதம். முதல் பூச்சு கைநகத்தில் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு இறுகியபின்தான் இரண்டாம் பூச்சு. மே மாத வெயிலில் பூச்சு சட்டென்று காய்ந்துவிடாமல் நனைத்த சாக்குகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டிருந்தோம்.

தெருப்பக்கச் சுவருக்கு வெளியே தோண்ட நமக்கு உரிமையில்லை. அதனால் அந்தச் சுவரில் ஈரம் ஏறுவதை முழுவதுமாக நிறுத்த முடியாது. அங்கே கீழ்ப்பகுதிப் பூச்சு, உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளில் உதிரட்டும், அப்போது அந்தப் பட்டையை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தோம். நிர்வாகக் குழுவுக்கு இதை விளக்க நேரம் பிடித்தது. உதிர்கிற பூச்சைக் குறை என்றே பார்க்கப் பழகிவிட்டோம். இங்கே செங்கல்லைக் காக்கத்தான் பூச்சு உதிர்கிறது. முற்றத்துப் பக்கம் சுவரை ஒட்டி வடிகால் வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பினோம்.

சுண்ணாம்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் சிமெண்ட்டுக்கு ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். மேலும், பூசிய சுண்ணாம்பு இறுகும்போது அந்த வாயுவின் பெரும்பங்கைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

மச்சுக்கு வருகிறேன். மழை ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு படிவம் சிமெண்ட் கலவையும் ஓடும் போட்டுப் போட்டு, மூலக் கூரைக்கு மேல் அதே அளவு பாரம் ஏறியிருந்தது. அறைகளுக்குள் வரிசையாக முட்டுக் கொடுத்துவிட்டு, பிற்காலப் படிவங்களை மேலிருந்து கீழாக நீக்கினோம். தேக்குக் கட்டைகளின் நடுப்பகுதி உளி இறங்காத அளவுக்கு உறுதியாக இருந்தது. சுவருக்குள் புதைந்திருந்த முனைகள்தான், அதிலும் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலையில், இற்றுப்போயிருந்தன. முழுக்கட்டையை மாற்ற வேண்டிய இடம் மிகக் குறைவு. அவற்றுக்குக் காரைக்குடியில் பழைய வீடுகளின் மரம் விற்குமிடத்திலிருந்து தேக்கு வாங்கினோம். மற்றவற்றில் இற்ற முனையை வெட்டிவிட்டு, ஆசாரி இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்கி, அந்தச் சேனல்களைச் சுவரில் பதித்த கருங்கல் துண்டின்மேல் உட்காரவைத்தார். கட்டை முனையைச் சுற்றிச் சாந்து அடைக்காமல் காற்றுப் போக இடம்விட்டோம்.

கட்டைகளின்மேல் குறுக்காக நெட்டுக்குத்தாய் அடுக்கியிருந்த சிறிய செங்கல் வரிசையில் பழுதான இடங்களை மட்டும் மாற்றி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பினோம். பிறகு நடந்தது நான் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கட்டைக் கொட்டாப்புளியால் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் கடுக்காய் வெல்லத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கலவை உள்வாங்கியது. நாட்கள் செல்லச் செல்ல ஓசை மாறி, கடைசியில் கொட்டாப்புளி மேலே துள்ளியது. அப்படித் துள்ளினால்தான் தட்டியது போதும் என்று கணக்கு. 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வைத்து, மேலே தட்டையான ஓடுகளை இரண்டு வரிசையாகப் பதித்தோம். சோலார் தகடுகளை இந்த மச்சின்மேல் வைக்கும்படி கேட்டார்கள்; துளையிட்டால் ஒழுகும் என்பதால் மறுத்து, அவற்றைப் புதிய கட்டடத்தின் தளத்துக்கு ஒதுக்கினேன்.

புதிய பகுதியில் கீழே இரண்டு அறைகள், மேலே ஓர் அறை. பழைய சுவரை ஒட்டி வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும்போது அந்தச் சுவரின் கடைக்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. ஒரே நீளமாகத் தோண்டாமல் நான்கு நான்கு அடியாக விட்டுவிட்டுத் தோண்டி, நிரப்பியபின் இடைப்பட்ட பகுதியைத் தோண்டினோம். பழைய சுவரும் புதிய சுவரும் எங்கும் கோத்துக் கட்டப்படவில்லை. பழையது இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் வெடிப்பது பழைய சுவர்தான். ஓர் அங்குல இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்து, மேலே மழைநீர் புகாதபடி தகடு மூடினோம்.

சுவர்களைச் செங்கல்லை நெட்டுக்குத்தாய் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டாகக் கட்டினோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை இது. ஒன்பது அங்குலச் சுவருக்கு வேண்டிய செங்கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். வெற்றிடத்துக் காற்று வெயிலையும் தடுக்கும். கல் ஒரே அளவாக இருந்தால்தான் இந்தக் கட்டு நேராக வரும் என்பதால் அறைச் சூளையில் சுட்ட சேம்பர் செங்கல்லைக் கேட்டு வாங்கினோம். மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் வெற்றிடத்தில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு இந்தச் சுவரைக் கட்டக்கூடாது. தளத்துக்குத் தாழ்வாரத்திலிருந்து இறக்கிய மங்களூர் ஓடுகளில் காது உடைந்தவை பயன்பட்டன. கம்பிகளுக்கு இடையே ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கான்கிரீட் போட்டோம். தளத்தின் அடிப்பாதிக் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது என்பதால் அந்த இடத்தில் ஓடு உட்காரலாம். ஆனால் பீமுக்கும் சுவருக்கும் அருகில் ஓடு வரக்கூடாது. இந்தக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் போட்டுத்தர வேண்டும். ஓடுகளை ஊறவைக்காமல் வைத்தால் கான்கிரீட்டின் நீரை உறிஞ்சிவிடும். நல்ல ஓடுகளெல்லாம் தாழ்வாரத்துக்கே திரும்பிப் போயின.

சன்னல் நிழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்குச் சன்னலுக்கு வெயில் வராது என்று வரைபடக்காரர்கள் பலரும் சன்ஷேடைச் சுருக்கிவிடுகிறார்கள். மதுரை ஏறத்தாழ வடக்கு 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வரும் சூரியன் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் வடக்குப் பக்கமே நிற்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வடக்குச் சுவரில் வெயில் விழும். நான்கடி உயரச் சன்னலுக்கு நண்பகல் வெயிலைத் தடுக்க வடக்கில் ஓரடி நீட்டம் போதும். ஆனால் காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயிலுக்குப் பக்கவாட்டுப் பலகைகள் வேண்டும். தெற்கில் டிசம்பர் வெயிலைத் தடுக்க இரண்டே முக்கால் அடி நீட்டம் வைத்தோம். சன்னல் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டடி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை உட்கார்ந்தபடியே வேப்ப மரத்தைப் பார்க்க முடிய வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டது இது. ஏறி நிற்க இடம் தராதபடி கம்பிகளை நெட்டுவாக்கில் மட்டும் வைத்தோம். புதிய தரை முற்றத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் என்பதால், 12-க்கு 1 சரிவில் பதினெட்டு அடிச் சாய்தளம் தேவைப்பட்டது. முற்றத்தில் அவ்வளவு நீளம் இல்லாததால் நடுவில் ஒரு மேடை வைத்து மடக்கி, கைப்பிடியைப் பெரியவர் உயரத்தில் ஒன்றும் குழந்தை உயரத்தில் ஒன்றுமாக இரண்டு வரிசை பொருத்தினோம்.

மின்சாரம் சுருக்கமாக: 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட் அளவுள்ள, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறிகள் பதினெட்டு, மேல்தளத்தில் 3 கிலோவாட் சோலார். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று கணக்கிட்டால் பள்ளியின் பகல்தேவைக்குப் போதுமானது.

தண்ணீரில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2000 சதுர அடிக் கூரையில், ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை என்று கொண்டு, சிதறுவது போகக் கணக்கிட்டாலும் ஒன்றேகால் லட்சம் லிட்டர் கிடைக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமானது. இந்தப் பள்ளியிலும் ஒரு குழாய் மண்ணுக்குள் போய் எங்கும் சேராமல் நின்றிருந்தது. மூடிக்கிடந்த கிணற்றைத் தூர்வாரி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே திருப்பும் வால்வும் மணல் ஜல்லி வடிகட்டியும் வைத்து, எல்லாக் கூரைகளின் நீரையும் அதில் விட்டோம். கிணற்றின் வாயில் பூட்டுள்ள இரும்புக் கிராதி. மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, இங்கே தட்டுகள் நாளுக்கு இருமுறை கழுவப்படுகின்றன. அந்த நீரைச் சோற்றுப்பருக்கை பிடிக்கும் சல்லடைத் தொட்டி வழியாகக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினோம். சல்லடையைத் தினமும் எடுத்துக் கொட்டாவிட்டால் இரண்டே நாளில் நாறும் என்பதால், அது யார் பொறுப்பு என்பதைத் தொட்டி கட்டுவதற்கு முன்பே ஆயாம்மாவிடமும் நிர்வாகத்திடமும் பேசித் தீர்த்துக்கொண்டோம். அந்த வேலைக்கெனத் தனி ஊதியமும் ஒதுக்கப்பட்டது.

கட்டட உறுதிச் சான்றும் கட்டட உரிமமும் புதுப்பித்து வாங்கியாயிற்று. மேற்குச் சுற்றுச்சுவர் ஓரம் வைத்த புங்கங்கன்றுகள் நிழல் தரும்வரை மேல்தள அறையின் மேற்குச் சுவருக்கு மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் மச்சின் தண்ணீர்க் குழாய் வாய்களைத் துப்புரவு செய்வதும், பங்குனியில் புதிய தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், ஆண்டுக்கொருமுறை கட்டைமுனைகளை உளியால் குத்திப் பார்ப்பதும் பராமரிப்பு ஏட்டில் எழுதப்பட்டுத் தலைமையாசிரியையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. பாக்கியிருப்பது கழிப்பறைத் தொகுதி மட்டும். அதன் பாதாளச் சாக்கடை இணைப்புக்கான மனு மாநகராட்சியில் இருக்கிறது, அனுமதி வந்ததும் அரையாண்டு விடுமுறையில் அந்த வேலையைத் தொடங்குவோம்.